முதல் நாள் அளவு சரியில்லை என்றால்: பர்சனல் ஃபிட்னஸ் மெரிட் பேட்ஜ், ஒரு நிகழ்வு ஆய்வு

மெரிட் பேட்ஜ் என்பது அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் ஒரு துறையின் நிபந்தனைகளை முடித்துப் பெறும் தகுதிச் சின்னம். பர்சனல் ஃபிட்னஸ் (உடல் தகுதி) பேட்ஜுக்காக ஒரு பையனிடம் மார்ச் முதல் சனிக்கிழமை எடுத்த அளவு: புஷ்-அப் 31, சிட்-அப் 38, சிட்-அண்ட்-ரீச் (உட்கார்ந்து கையை முன்னால் எட்டுவது) 26 செ.மீ., ஒரு மைல் ஓட்டம் 10 நிமிடம் 20 விநாடி.

மார்ச் மூன்றாம் சனிக்கிழமை எடுத்தது: புஷ்-அப் 16, சிட்-அப் 29, ரீச் 22 செ.மீ., மைல் 10 நிமிடம் 41 விநாடி.

நடுவில் பையன் சும்மா இருக்கவில்லை. வாரம் 5 நாள் பயிற்சி செய்திருக்கிறான், தாளில் குறித்தும் வைத்திருக்கிறான். ஆனால் நான்கு எண்ணும் மோசமாகிவிட்டன. "என்னடா, ரெண்டு வாரமா என்ன பண்ணே?" என்று அப்பா கேட்பார். பையனுக்கும் பதில் தெரியாது. அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் எந்த ஊரிலும், எந்த ட்ரூப்பிலும் (சாரணர் குழுவிலும்) இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

கீழே வரும் பையன் ஒரு தனி ஆள் இல்லை. இத்தகைய பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளையும் திருத்தங்களையும் ஒரே பையன் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். வயது 13, ஃபர்ஸ்ட் கிளாஸ் நிலை (சாரணர் படிகளில் நடுவில் உள்ளது), இடம் வடக்கு டெக்சாஸ். எண்கள் கணக்கைக் காட்டுவதற்கான மாதிரி, விதிகள் நிஜம்.

பேட்ஜ் என்ன கேட்கிறது

2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாறிய பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்காவில், உச்சப் படியான ஈகிள் நிலையை எட்டுவதற்கான கட்டாய பேட்ஜ்களில் ஒன்று பர்சனல் ஃபிட்னஸ். 2019 முதல் பெண்பிள்ளைகளுக்கும் இதே பாதைதான், இதே நிபந்தனைகள்தான். ஈகிளுக்கான எல்லா வேலையும் 18 வயது நிறைவதற்குள் முடிய வேண்டும். இந்த பேட்ஜின் நடுவில் 12 வாரப் பயிற்சித் திட்டம் இருப்பதால் 84 நாளுக்குக் குறைவாக யாராலும் முடிக்க முடியாது. 17 வயது 10 மாதத்தில் விழித்துக்கொள்பவருக்குக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம். பர்சனல் மேனேஜ்மென்ட் பேட்ஜில் 13 வார வரவு செலவுக் கணக்கும், ஃபேமிலி லைஃப் பேட்ஜில் 90 நாள் வீட்டு வேலையும் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே காலண்டரில் ஓட்டுவது புத்திசாலித்தனம். ஒவ்வொன்றாகச் செய்தால் ஒன்பது மாதம் போய்விடும்.

வரிசைதான் முக்கியம். முதலில் மருத்துவப் பரிசோதனையும் பல் பரிசோதனையும். அடுத்து நான்கு வகை அளவீடு: ஓட்டம், வளைவு (உடலின் நெகிழ்வு), வலிமை, உடல் சுற்றளவு. அந்த அளவை வைத்து 12 வாரத் திட்டம். அதற்குப் பெற்றோரும் கவுன்சிலரும் (பேட்ஜுக்கு வழிகாட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பெரியவர்) ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே பயிற்சி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டம், வலிமை, வளைவு மூன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். 12ஆம் வாரம் முடிந்ததும் இந்த மூன்று வகையிலும் உள்ள ஒவ்வொரு சோதனையிலும் முன்னேற்றம் தெரிய வேண்டும். உடல் சுற்றளவுக்கு மட்டும் முன்னேற்றம் என்ற பேச்சே இல்லை. முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பேசினால் போதும். ஒப்புதல் இல்லாமல் தொடங்கிய வாரங்கள் கணக்கில் வராது. நிபந்தனைகளை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் தொடங்கும் நாளில் நடப்பிலுள்ள பட்டியலை அச்சிட்டுக் கோப்பில் போட்டுவிட வேண்டும்.

'முன்னேற்றம்' எவ்வளவு என்று விதி சொல்வதில்லை. ஒரு புஷ்-அப் கூடினாலும் முன்னேற்றம், ஒரு விநாடி குறைந்தாலும் முன்னேற்றம். பத்து சதவீதம் ஏறினால்தான் கையெழுத்து என்று சொல்லும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். எழுதியிருப்பதற்கு மேல் கேட்கவும் கூடாது, குறைத்துக்கொள்ளவும் கூடாது என்பது இயக்கத்தின் பொதுவிதி.

இலக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் தடுமாறுகிறார்கள்? 'ஒவ்வொன்றிலும்' என்ற சொல்தான் காரணம். மூன்றில் அருமையாக ஏறி நான்காவதில் அரை சென்டிமீட்டர் இறங்கினால் முடியவில்லை. அந்த நான்காவது எண் பெரும்பாலும் முதல் நாளே கெட்டுப்போயிருக்கும்.

நான்கு எண்ணும் மோசமானது ஏன்

புஷ்-அப் 60 விநாடிக்குள் 'சரியாகச் செய்த' எண்ணிக்கை. முதல் நாள் எண்ணியவன் நண்பன். பையனின் தலை மேலும் கீழும் ஆடியதை எண்ணியிருக்கிறான். முழங்கை பாதிகூட மடங்கவில்லை, இடுப்பு தொட்டில்போலத் தொங்கியது. இரண்டாம் முறை அப்பா பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தார். மேல்கை தரைக்கு இணையாக வரும்வரை, அதாவது முழங்கை 90 டிகிரி மடங்கும்வரை இறங்கினால்தான் ஒன்று என்று எண்ணினார். 16 வந்தது. உண்மையான எண் 16தான். 31 என்பது வேறொரு உடற்பயிற்சியின் எண்.

சிட்-அப்பில் முதல் நாள் நண்பன் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். கை தலைக்குப் பின்னால், கழுத்தை இழுத்து எழுந்தான், தோள்பட்டை தரையைத் தொடாமலே அடுத்தது. இரண்டாம் முறை பாதத்தை யாரும் பிடிக்கவில்லை, கை மார்பின் குறுக்கே. இரண்டு முறையையும் ஒப்பிட முடியாது. பேட்ஜின் கையேட்டில் உள்ள முறை எதுவோ அதை முதல் நாள் ஒரு வரியில் தாளின் தலைப்பில் எழுதிவிட வேண்டும்: முழங்கால் மடங்கியது, பாதத்தை இன்னார் பிடித்தார், கை இங்கே. ஏழு சோதனைக்கும் அந்த வரிதான் சட்டம்.

சிட்-அண்ட்-ரீச் என்பது காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தைப் பெட்டியில் பதித்து, மேலே உள்ள அளவுகோலில் விரல் நுனியால் எவ்வளவு தூரம் தள்ள முடிகிறது என்று பார்ப்பது. நான்கு முறை தள்ள வேண்டும், நான்காவதைக் குறிக்க வேண்டும், அந்த நான்காவதில் 15 விநாடி அப்படியே நிற்க வேண்டும். முதல் நாள் பையன் விசையோடு முன்னால் பாய்ந்தான், விரல் 26ஐத் தொட்டுத் திரும்பியது. நான்கில் சிறந்ததைக் குறித்துக்கொண்டார்கள். பாய்ந்து தொட்ட இடத்தில் 15 விநாடி நிற்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. நின்ற இடம் 22.

பெட்டியும் ஒரு பொறி. கையேட்டில் அளவு இருக்கிறது. வழக்கமான வடிவத்தில் உயரம் சுமார் 30 செ.மீ., பாதம் படும் முகம் அளவுகோலில் 23 செ.மீ. கோட்டுக்கு நேராக வரும். வீட்டில் செய்பவர்கள் அட்டைப் பெட்டியில் ஸ்கேலை ஒட்டுகிறார்கள். பையன் உந்தும்போது அட்டை உள்வாங்கும், பெட்டி பின்னால் நகரும், இரண்டும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். பலகையில் செய்து சுவரோடு அணைத்து வைத்தால் தீர்ந்தது. ஷூ இல்லாமல் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும். இன்னொரு குழப்பம்: தொடக்கப் படிகளில் ஒன்றான டெண்டர்ஃபுட் நிலையில் 30 நாள் பயிற்சிக்கு எடுத்த ரீச் அளவு ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டிச் செய்வது. அந்தப் பழைய எண்ணை இங்கே தொடக்க அளவாகப் போட்டுவிடுகிறார்கள். அது வேறு சோதனை, எண்ணும் வேறு.

மைல் ஓட்டம்: முதல் நாள் பூங்கா நடைபாதையில், போன் ஆப் 'ஒரு மைல்' என்று சொன்ன இடத்தில் கடிகாரத்தை நிறுத்தினார்கள். மரநிழலில், வளைவுகளில் போன் அளக்கும் தூரம் அந்தந்த நாள் போக்கு. இரண்டாம் முறை பள்ளி மைதானத்தின் 400 மீட்டர் டிராக்கில் ஓடினான். ஒரு மைல் 1609 மீட்டர். உள்வட்டப் பாதையில் நான்கு சுற்றுக்கு மேல் 9 மீட்டர் தேவை. கோட்டுக்கு 9 மீட்டர் பின்னால் சுண்ணாம்பில் ஒரு குறி போட்டு அங்கிருந்து ஓடவிட்டால் சரியாக இருக்கும். உள்வட்டத்தில் யாராவது நடந்துகொண்டிருந்தால் வெளிப்பாதையில் ஓடிவிட்டு அதையும் நான்கு சுற்றென்று எண்ணக் கூடாது. எட்டாவது பாதையில் ஒரு சுற்றே சுமார் 450 மீட்டர். 9 நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்ற மாற்றுச் சோதனையும் உண்டு. அதைத் தேர்ந்தால் கடைசிச் சுற்றின் பாதித் தூரத்தை அளக்க வேண்டியிருக்கும். நேரத்தை அளப்பது சுலபம், ஆகவே மைல்.

தொடங்கியதை அழிப்பது

கவுன்சிலர் செய்த முடிவு பையனுக்குக் கசந்திருக்கும். மார்ச் முதல் வார அளவுகளை அடித்துவிட்டு, மூன்றாம் சனிக்கிழமை எடுத்தவற்றைத் தொடக்க அளவாக வைத்து, 12 வாரத்தை அன்றிலிருந்து எண்ணச் சொன்னார். இரண்டு வாரம் போனது. இதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். நிபந்தனையிலேயே 'சரியாகச் செய்த எண்ணிக்கை' என்று இருக்கிறது. சரியாகச் செய்யாத தொடக்கச் சோதனை நடந்ததாகவே ஆகாது. அது நடக்காமல் போட்ட திட்டத்துக்கும் அடிப்படை இல்லை.

இன்னொரு வழி, பழைய 31ஐ அப்படியே விட்டுவிட்டு, அதே அரைகுறை முறையில் 12ஆம் வாரம் 32 எடுக்க வைப்பது. அப்படியும் நடக்கிறது. பையன் பன்னிரண்டு வாரம் தவறான அசைவைப் பழகுகிறான், அவ்வளவுதான் பலன்.

வலிமைச் சோதனையில் சிட்-அப் கட்டாயம்; புஷ்-அப், புல்-அப் இரண்டில் ஒன்று. புல்-அப் எடுத்தால் கெத்தாக இருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. எங்கள் கணிப்பு: தொடக்கத்திலேயே மூன்று நான்கு வராவிட்டால் வேண்டாம். 13 வயதில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போக 12 வாரம் போதாமலும் போகலாம்; நடுவில் உயரமும் எடையும் கூடினால் அதே கை இன்னும் அதிகத்தைத் தூக்க வேண்டும். புஷ்-அப்பில் படிகள் சிறியவை, முன்னேற்றம் கண்ணில் படும்.

திட்டம்

செவ்வாய், வியாழன் ஓட்டம், சனி நீண்ட ஓட்டம் அல்லது சோதனை. திங்கள், புதன், வெள்ளி வலிமை. ஞாயிறு ஓய்வு. ஒவ்வொரு நாளும் 8 நிமிட வார்ம்-அப்: நடை, மெல்லோட்டம், கை சுழற்சி, கால் வீச்சு. முடிவில் 5 நிமிட நடை, பிறகு தசையை நீட்டுவது.

புஷ்-அப்புக்கு எடுத்த கணக்கு: உச்ச எண்ணில் பாதி, நான்கு தவணை. 16 வந்தவனுக்கு 8 வீதம் நான்கு முறை, நடுவில் 90 விநாடி ஓய்வு. வாரத்துக்கு ஒன்று கூட்டலாம். நான்காம் தவணையில் இடுப்பு தொங்கினால் கூட்டாமல் அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட உச்சத்துக்கு முயல்வதுதான் பையன்கள் விரும்பும் முறை. இரண்டாம் வாரம் தோள் வலிக்கும், மூன்றாம் வாரம் எண் நகராது. சிட்-அப்புக்கும் இதே பாதிக்கணக்கு.

ஓட்டத்தில்தான் அதிகம் பார்க்க வேண்டியிருந்தது. 10:41 ஓடிய அன்று சுற்றுவாரியாக அப்பா குறித்திருந்தார்: 2:08, 2:41, 3:01, 2:47, மீதி 9 மீட்டருக்கு 4 விநாடி. அந்த வரிசையைப் பார்த்தாலே நோய் தெரிகிறது. முதல் சுற்றைத் துப்பாக்கிக் குண்டுபோல ஓடி, மூன்றாம் சுற்றில் நடந்திருக்கிறான். நுரையீரல் குறைபாடு எதுவும் இல்லை, வேகத்தைப் பங்கிடத் தெரியவில்லை. முதல் நான்கு வாரத்தின் வேலை இதைத் திருத்துவது: செவ்வாய்க்கிழமை ஒரு சுற்றை 2:35இல், மெதுவாகவும் கூடாது வேகமாகவும் கூடாது, நான்கு முறை; நடுவில் 2 நிமிட நடை. வாரம் போகப் போக 2:30, 2:25. வியாழன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20 நிமிடம், பிறகு 25, 30. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

நாடியைக் குறிக்க வேண்டும். 220இலிருந்து வயதைக் கழித்து அதில் 60 முதல் 80 சதவீதம் என்ற பழைய கணக்கில் 13 வயதுக்கு 124 முதல் 166. பிள்ளைகளுக்கு இது உத்தேசமே. ஓட்டம் நின்ற உடனே கழுத்தில் விரல் வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். தண்ணீர் குடித்து, ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு எண்ணினால் நாடி இறங்கியிருக்கும். பதிவேட்டில் எல்லா நாளும் 110 என்று வந்தால் காரணம் அதுதான்.

நல்ல பதிவு ஒன்று இப்படி இருக்கும்: 'செவ்வாய், மாலை 6:40, 72 டிகிரி ஃபாரன்ஹீட். வார்ம்-அப் 8 நிமிடம். ஒரு சுற்று நான்கு முறை: 2:34, 2:36, 2:33, 2:35. கடைசியில் 10 விநாடிக்கு 26, அதாவது 156. இடது குதிகால் லேசான வலி.' இதில் கடைசி வாக்கியம்தான் விலைமதிப்பானது. மோசமான பதிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை: 'ஓடினேன், 30 நிமிடம்', அடுத்த நாள் 'ஓடினேன், 30 நிமிடம்', பன்னிரண்டு வாரமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே இரவில் எழுதிய கையெழுத்து. விட்டுப்போன நாளை 'செய்யவில்லை, கணிதத் தேர்வு' என்று எழுதினால் எந்தக் கவுன்சிலரும் கோபிக்க மாட்டார்.

நடுவில் நடந்தவை

தொடக்கமும் ஆறு மறுசோதனையும், எல்லாமே சனி காலை 7 மணி, ஒரே டிராக், ஒரே வரிசை (வார்ம்-அப், ரீச், புஷ்-அப், 10 நிமிட ஓய்வு, சிட்-அப், 15 நிமிட ஓய்வு, மைல்):

தொடக்கம்: மைல் 10:41, புஷ்-அப் 16, சிட்-அப் 29, ரீச் 22.
2ஆம் வாரம்: 10:30, 17, 30, 22.5.
4ஆம் வாரம்: 10:12, 19, 32, 22.
6ஆம் வாரம்: 9:58, 19, 33, 21.5.
8ஆம் வாரம்: 10:09, 22, 35, 21.
10ஆம் வாரம்: 9:50, 24, 36, 22.
12ஆம் வாரம்: 9:36, 25, 38, 23.

வரிசையை மாற்றாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. மைல் ஓடிய பின் ரீச் எடுத்தால் தசை சூடாகி எண் கூடும். ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் எடுத்தால் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தமே இருக்காது.

8ஆம் வாரம் மைல் நேரம் கூடியதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. அது மே மாதம் நடுவில். காலையிலேயே காற்று கனமாக, பிசுபிசுப்பாக இருந்த நாள். வடக்கு டெக்சாஸில் மார்ச்சில் தொடங்கி ஜூனில் முடிப்பவர்களுக்கு வானிலை எதிரி. உடல் முன்னேறிக்கொண்டே இருக்கும், கடிகாரம் அதைக் காட்டாது. செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிப்பவர்களுக்கோ குளிர் தானாகச் சில விநாடிகளைப் பரிசாகத் தரும். மின்னசோட்டா பக்கம் அந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே டிசம்பரில் டிராக் பனிக்கடியில் இருக்கும். இந்தப் பையனுக்குச் சோதனையை மாலை 5 மணியிலிருந்து காலை 7க்கு மாற்றியது தொடக்கத்திலேயே செய்த நல்ல காரியம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு இது தலைகீழ்: குளிர்ந்த, வறண்ட காற்றில்தான் தொல்லை. மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரை ஓட்டத்துக்கு முன் எடுக்க வேண்டும், மைதானத்தில் கையெட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டும்.

உண்மையான சிக்கல் ரீச்சில். 22.5இலிருந்து 22, 21.5, 21 என்று இறங்கிக்கொண்டே போனது. பையன் தினமும் நீட்டிப் பயிற்சி செய்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் வாரம் மூன்று நாள், அதுவும் ஓட்டம் முடிந்தபின் 10 விநாடி. இன்னொரு காரணமும் இருந்தது: 13 வயதில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் பையன் ஆண்டுக்கு 9 செ.மீ. வரை உயர்வான், 12 வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர். கால் எலும்பு முதலில் நீளும், தொடையின் பின்தசை பின்னால்தான் வரும். அதனால் ஒன்றும் செய்யாமலே வளைவு குறையும். பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

8ஆம் வாரத்தில் செய்த மாற்றம் இது மட்டும்: காலையும் இரவும், ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி வீதம் இரண்டு முறை. குதிகாலை ஒரு தாழ்வான முக்காலியில் வைத்து, முழங்காலை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் சாய்வது. முதுகைக் கூனாக்கி விரலை நீட்டுவதில்லை. அப்படிச் செய்தால் முதுகு வளையும், பின்தசை வளையாது. இழுப்பு தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், வலிக்கும் இடத்தில் அல்ல, ஆட்டக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு நிமிட வேலை. பல் தேய்க்கும் நேரத்தோடு கட்டிவைத்ததால் மறக்கவில்லை. இரண்டு வாரத்தில் 22, நான்கு வாரத்தில் 23.

முழங்கால் இன்னொரு கதை. 4ஆம் வாரத்துக்குப் பிறகு பையன் தானாக ஸ்கிப்பிங் கயிற்றைச் சேர்த்துக்கொண்டான், பள்ளி சாக்கர் பயிற்சியும் அதே வாரம் தொடங்கியது. 6ஆம் வாரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலெலும்பின் முன்புடைப்பில் தொட்டால் வலி, மாடிப்படி ஏறினால் வலி. வளரும் வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் பிரச்சினை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வலிக்கும். மருத்துவரிடம் காட்டினார்கள்; ஓட்டத்தைக் குறைத்து 10 நாள் நீச்சலும் சைக்கிளும். திட்டத்தை மாற்றலாமா என்று பையன் பயந்தான். மாற்றலாம். என்ன மாற்றம், ஏன் என்று எழுதி, பெற்றோரும் கவுன்சிலரும் ஒப்புக்கொண்டால் போதும். வலியோடு ஓடி முடிக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் சொல்லவில்லை. 7ஆம் வாரத்தில் ஓடாதவன் 10ஆம் வாரம் 9:50 ஓடினான்.

சுற்றளவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வலது மேல்கை, தோள், மார்பு, தொப்புள் மட்டத்தில் வயிறு, வலது தொடை. தோளும் மார்பும் மூச்சை வெளியே விட்டபின். முதல் முறை அம்மா, கடைசி முறை அப்பா என்று அளந்தால் நாடா இறுக்கத்திலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்; ஒருவரே அளக்க வேண்டும், மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுத வேண்டும். இதை எடை குறைக்கும் போட்டியாக்கும் வீடுகள் உண்டு. சோற்றைப் பாதியாக்கி, இரவு வெறும் வெள்ளரிக்காய் கொடுத்து, வயிறு இறங்கியதா என்று வாராவாரம் நாடா பிடிப்பார்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டால் முதலில் இறங்குவது புஷ்-அப் எண்ணிக்கை.

கடைசிச் சனிக்கிழமையும் காகிதமும்

ஜூன் இரண்டாம் சனி, காலை 7. சுற்று நேரங்கள்: 2:24, 2:25, 2:26, 2:18, மீதி 3 விநாடி. மார்ச்சில் முதல் சுற்று 2:08 ஓடியவன் இப்போது 16 விநாடி மெதுவாகத் தொடங்கி மொத்தத்தில் 65 விநாடி குறைத்திருக்கிறான். ரீச்சில் நான்காம் முறை 23ஐத் தொட்டு, 15 விநாடி எண்ணும்வரை விரல் நடுங்கவில்லை. அளவுகோலை அப்பா பார்த்தார். நாடியையும் நேரத்தையும் பார்த்தவர் ட்ரூப்பில் உள்ள இன்னொரு பெரியவர்.

அப்படி இரண்டாவது ஆள் இருப்பது வசதிக்காக மட்டும் இல்லை. கவுன்சிலர் எந்தப் பிள்ளையையும் தனியாகச் சந்திக்கக் கூடாது என்பது இயக்கத்தின் பாதுகாப்பு விதி. பெற்றோரோ இயக்கத்தில் பதிவு செய்த இன்னொரு பெரியவரோ கூட இருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் பெற்றோரைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

காகிதத்தில் தடுக்கி விழுபவர்கள் ஓட்டத்தில் விழுபவர்களைவிட அதிகம். கோடைகால முகாமுக்கு எப்படியும் இயக்கத்தின் உடல்நலப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட்ட சி பகுதி வேண்டும். அதே பரிசோதனை இங்கேயும் பயன்படும், ஆனால் அது 12 வாரம் தொடங்குமுன் நடந்திருக்க வேண்டும். பல காப்பீட்டுத் திட்டங்கள் ஆண்டுக்கு ஒரு பொதுப் பரிசோதனைக்குத்தான் பணம் தரும், ஆகவே தேதியைப் பார்த்து முன்பதிவு செய்வது நல்லது. பல் மருத்துவரிடம் 'பற்களைப் பரிசோதித்துக் கவனித்தாயிற்று' என்று ஒரு வரிக் கடிதம் வாங்க மறந்துவிட்டு, ஜூனில் மறுபடி வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். ஒரு வார முகாமில் இந்த பேட்ஜை எடுத்துக்கொள்ளும் பிள்ளை பேசவேண்டிய பகுதிகளை மட்டும் முடித்து, பாதி பேட்ஜோடு வீடு திரும்பும். அந்தப் பாதிக்குக் காலாவதி இல்லை, 18 வயதுவரை செல்லும். உணவு, நோய் தடுப்பு, புற்றுநோயின் ஏழு அறிகுறிகள் போன்ற பேச்சுப் பகுதிகளை 12 வாரத்தின் ஓய்வு நாட்களில் ஒவ்வொன்றாக முடித்துவிட்டால் கடைசிச் சந்திப்பு அரைமணிதான்.

அந்தச் சந்திப்பில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும்: இந்த 12 வாரத்தில் என்ன கிடைத்தது, இனி என்ன திட்டம். 'தொடர்ந்து செய்வேன்' என்பது பதில் இல்லை. செவ்வாய் சாக்கர், வியாழன் 25 நிமிட ஓட்டம், தினமும் இரவு அந்த முக்காலி நீட்டல் என்று நாளோடு சொல்வதுதான் பதில். அமெரிக்க அரசின் உடல் இயக்க வழிகாட்டி 6 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிடம் சொல்கிறது. அதில் எவ்வளவு ஏற்கெனவே நடக்கிறது, எங்கே துண்டு விழுகிறது என்று பையனே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

பிறகு நீல அட்டை, அதாவது பேட்ஜை முடித்ததற்கான மூன்று துண்டுப் பதிவு. ட்ரூப்புக்கு ஒரு பகுதி, கவுன்சிலருக்கு ஒரு பகுதி, பையனுக்கு ஒரு பகுதி. பையனின் பகுதியையும் ஏழு சோதனைத் தாள்களையும் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். இணையப் பதிவில் தேதி தவறி ஈகிள் விண்ணப்பம் நிற்கும்போது கேட்கப்படுவது அந்தத் துண்டுதான்.